ஸாரா யார் வீட்டுப் பெண்?

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பாட்டியம்மாள் கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். முதல் மூன்று பக்கம் சந்தோஷம். நாலாவது பக்கம் வருத்தம்.

சந்தோஷம் என்னவென்றால், லண்டனில் இருக்கும் பிள்ளைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வருத்தம் என்னவென்றால், குழந்தைக்கு ‘ஸாரா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

“என் மாமியார் பெயர் சாரதாம்பாள். (மாமியார் பெயரை வாயால் சொல்லும் வழக்கமில்லை; எழுதினால் பாதகமில்லை என்று எழுதுகிறேன்.) அதைத்தான் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பிள்ளையைக் கேட்டால், ‘அதெல்லாம் இல்லை அம்மா, அது இங்கே வழங்குகிற பெயர், கூப்பிடச் சுலபம்’ என்கிறான். அது என்ன பெயர்? அதற்கு அர்த்தம் உண்டா? யார் வீட்டுப் பெயர் அது? ஊர் பேர் தெரியாத ஒரு பெயரைச் சொல்லி என் பேத்தியை எப்படிக் கூப்பிடுவேன்? விசாரித்து எழுதுங்கள்.”

விசாரித்தேன், அம்மா. நாலு நாளாக அதே வேலையாக இருந்தேன். இதோ என் பதில்.

அர்த்தம் உண்டு

முதலில் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸாராவுக்கும் சாரதாவுக்கும் உறவு இல்லை. சாரதா கலைமகளின் பெயர், வடமொழியில் பிறந்தது. ஸாரா எபிரேய மொழியில் பிறந்தவள். யூதர்களின் வேதம் எழுதப்பட்ட மொழி அது.

ஆனால் அர்த்தமில்லாத பெயர் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ‘இளவரசி’ என்று அர்த்தம். ‘சீமாட்டி’ என்றும் சொல்லலாம். எபிரேயத்தில் ‘ஸர்’ என்றால் தலைவன், பிரபு. அதன் பெண்பால்தான் ‘ஸாரா’. (நம் ஆபீஸில் மேலதிகாரியைக் கண்டதும் எழுந்து நின்று ‘ஸார்’ என்கிறோமே, அது வேறு; இங்கிலீஷிலிருந்து வந்தது. கேட்க ஒன்று போல் இருப்பது தற்செயல்தான்.)

இந்தச் சொல்லின் சுற்றம் மிகவும் பழமையானது. பாபிலோன் நாட்டு அக்காடிய மொழியில் அரசனுக்கு ‘ஷர்ரு’ என்றும் அரசிக்கு ‘ஷர்ரத்து’ என்றும் பெயர். நாலாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் அங்கே ஆண்ட ஸர்கோன் மன்னனுடைய பெயரிலும் அந்த ‘ஷர்ரு’ இருக்கிறது.

பழைய சொல் என்பதால் பரணில் போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இன்றைய இஸ்ரேலில் மந்திரியை ‘ஸர்’ என்றும், பெண் மந்திரியை ‘ஸாரா’ என்றும்தான் சொல்கிறார்கள். பின்னாளில் பிரதம மந்திரியான கோல்டா மேயர், 1949 முதல் 1956 வரை தொழிலாளர் மந்திரியாக இருந்தார். அப்போது அவருக்கு இந்தச் சொல்லே பதவிப் பெயர்! ஆகவே உங்கள் பேத்தியைப் பற்றி யாராவது கேட்டால், பிறக்கும்போதே மந்திரி என்று சொல்லலாம்.

கூடாரத்து வாசலில் ஒரு சிரிப்பு

இந்தப் பெயரை முதலில் சுமந்தவள் ஆபிரகாமின் மனைவி. வேதத்தின் முதற் புஸ்தகத்தில் அவள் கதை வருகிறது. ஆரம்பத்தில் அவளுக்கு ‘சாராய்’ என்று பெயர், புருஷனுக்கு ‘ஆபிராம்’. ஊர் விட்டு ஊர் போய்க் கூடாரத்தில் குடித்தனம். ஆடு மாடு உண்டு, வெள்ளி பொன் உண்டு. பிள்ளை மட்டும் இல்லை.

பிள்ளையில்லாத வீட்டில் என்ன நடக்கும் என்பதை நம் ஸ்திரீகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளே தன் பணிப்பெண் ஆகாரைப் புருஷனுக்குக் கொடுத்தாள். ஆகார் கர்ப்பமானதும் பொறுக்க முடியாமல் தவித்தாள். கடைசியில் அவளையும் பிள்ளையையும் வீட்டை விட்டே துரத்த வைத்தாள். இளவரசிதான்; ஆனால் சக்களத்திப் போராட்டம் அவளையும் விடவில்லை. அவளிடம் குற்றமே இல்லை என்று வேதம் மறைக்கவும் இல்லை.

அவளுக்குத் தொண்ணூறு வயது ஆகப்போகும் சமயத்தில் கடவுள் இருவர் பெயரையும் மாற்றுகிறார். ஆபிராம், ஆபிரகாம் ஆகிறான். சாராய், ஸாரா ஆகிறாள். பிறகு விருந்தாளிகள் மூவர் வந்து, ‘அடுத்த வருஷம் உன் மனைவிக்குப் பிள்ளை பிறக்கும்’ என்கிறார்கள். கூடாரத்து வாசலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஸாரா என்ன செய்தாள்? சிரித்தாள்! பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர். எபிரேயத்தில் அதற்குச் ‘சிரிக்கிறான்’ என்று அர்த்தம். திருக்குர்ஆனிலும் இந்தச் சிரிப்பு வருகிறது. அங்கே இப்ராஹீமின் மனைவி என்றுதான் சொல்லியிருக்கிறது; முஸ்லிம்களின் மரபு அவளைப் பெயர் சொல்லியே அழைக்கிறது.

இந்தப் பெயர் மாற்றத்தைப் பற்றி யூதப் பெரியவர்கள் ஓர் அழகான விளக்கம் சொன்னார்கள். எபிரேய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு. சாராய் என்ற பெயரின் கடைசி எழுத்துக்குப் பத்து. கடவுள் அதை எடுத்து இரண்டு ஐந்தாகப் பிரித்தாராம். ஐந்து என்ற மதிப்புள்ள எழுத்து ஒன்று ஸாராவின் பெயரில் சேர்ந்தது. இன்னொன்று ஆபிரகாமின் பெயரில் சேர்ந்தது. அதாவது, புருஷனுக்குக் கிடைத்த பெருமை மனைவியின் பெயரிலிருந்து எடுத்துக் கொடுத்தது! வீட்டுக்காரரிடம் இந்தப் பகுதியை மட்டும் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஊர் ஊராய்ப் போன பெயர்

யூதர்கள் நாடு நாடாகச் சிதறினார்கள். அவர்கள் வேதமோ அவர்களைவிட அதிக தூரம் போயிற்று. கிரேக்க மொழிக்குப் போனபோது பெயரில் ஒரு ‘ர’ கூடி ‘ஸார்ரா’ ஆயிற்று. கிரேக்கர்களிடமிருந்து ரஷ்யர்கள் அந்த இரட்டை ‘ர’வையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். ஹங்கேரியில் ‘ஷாரா’; செல்லமாக ‘ஷாரிகா’. பின்லாந்தில் முதல் எழுத்தை நன்றாக இழுத்து ‘ஸாரா’. கிழக்கு ஐரோப்பாவின் யூதர் வீடுகளில் ‘ஸோரெலெ’. நாம் ‘அம்முக்குட்டி’ என்கிறோமே, அந்த மாதிரி.

1611-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் மன்னர் வெளியிட்ட வேதத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் பெயருக்குக் கடைசியில் ஒரு ‘ஹ்’ எழுத்து உண்டு. புதிய ஏற்பாட்டில் அதே பெண்ணுக்கு அந்த எழுத்து இல்லை! முன்னதை எபிரேயத்திலிருந்தும் பின்னதைக் கிரேக்கத்திலிருந்தும் மொழிபெயர்த்ததால் வந்த வித்தியாசம் அது. இன்றும் இங்கிலீஷில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அங்கே ஸாராவைச் செல்லமாக ‘ஸாலி’ என்றும் கூப்பிடுவார்கள். ‘ர’ எப்படி ‘ல’ ஆயிற்று என்று கேட்காதீர்கள். மேரியை ‘மோலி’ ஆக்கியவர்களும் அவர்களேதான். நாக்குக்கு எது சுகமோ அதுதான் செல்லப் பெயர்.

அயர்லாந்துக் கதை சற்று வேறு. அங்கே பெண்களுக்கு ‘ஸொரஹா’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. ஒளி மிகுந்தவள் என்று அர்த்தம். இங்கிலீஷ் ஆட்சியில் அப்படிப்பட்ட பெண்ணைக் காகிதத்தில் ‘ஸாரா’ என்று எழுதிவிடுவார்கள். வீட்டிலே ஒளி, காகிதத்திலே இளவரசி! காகிதம் வைத்த பெயருக்கும் வீடு வைத்த பெயருக்கும் உள்ள தூரத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

பிரான்ஸின் தெற்குக் கடற்கரையில் ஒரு சிறிய ஊர். அங்கே மாதா கோவிலின் நிலவறையில் ஸாரா என்ற கறுப்புச் சொரூபம் இருக்கிறது. ஜிப்ஸிகள் என்று சொல்லப்பட்ட ரோமா மக்களுக்கு அவள்தான் தெய்வத்தாய். வேண்டிக்கொண்டவர்கள் அவளுக்குப் புது அங்கி சாத்துவார்கள். அங்கி மேல் அங்கியாகச் சேர்ந்துவிடும். மே மாதம் 24-ந் தேதி அவளைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறார்கள். அவளை அவர்கள் ‘ஸாரா காலி’ என்கிறார்கள். ‘காலி’ என்றால் அவர்கள் பாஷையில் கறுப்பு. சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பியவர்களின் பாஷை அது என்று தெரிந்தால், அந்தச் சொல் நமக்கு ஏன் தெரிந்த சொல்லாக இருக்கிறது என்பதும் விளங்கும்.

நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ் வேதத்தில் ரெபெக்காள், லேயாள், மரியாள் என்று பல பெண்களுக்கு ஒரு ‘ள்’ கிடைத்தது. ஸாராவும் ‘சாராள்’ ஆனாள். அந்த ஒரே எழுத்தில் அவள் தமிழ்ப் பெண் ஆகிவிட்டாள். பாளையங்கோட்டையில் யாரைக் கேட்டாலும் சாராள் டக்கர் கல்லூரிக்கு வழி சொல்வார்கள். 1895-ல் தோன்றிய பெண்கள் கல்லூரி அது. அந்தச் சாராள் டக்கர் ஓர் ஆங்கில மாது. சென்னையில் பணியாற்றிய பாதிரியார் ஜான் டக்கரின் சகோதரி. அவர் இந்தியாவுக்கு ஒரு முறைகூட வந்ததில்லை. அவர் காலடி படாத ஊரில், அவர் பெயரைச் சொல்லித் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் படித்து வருகிறார்கள்!

அண்டை வீட்டையும் எட்டிப் பாருங்கள். மலையாளத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஸாரா ஜோஸப். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கன்னடத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஸாரா அபூபக்கர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து 2023-ல் காலமானவர். இருவருக்கும் ஒரே பெயர். யூதரிடம் பிறந்து மூன்று மதத்தாரின் வீட்டிலும் வளர்ந்த பெண் இவள்.

வீட்டில் ஆசீர்வாதம்

யூதர் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விசேஷமானது. வீட்டுக்கார அம்மாள் விளக்கேற்றுவாள். அதன் பிறகு பெற்றோர் மகளின் தலைமேல் கையை வைத்து, ஸாரா, ரெபெக்காள், ராகேல், லேயாள் ஆகிய நால்வரைப் போல நீயும் ஆகவேண்டும் என்று வாழ்த்துவார்கள். வாரா வாரம் இது நடக்கும். அந்த நாலு பெயர்களில் முதற் பெயர் ஸாரா. வேற்று மதத்துப் பெண் ஒருத்தி யூத மதத்தில் சேர்ந்தால், ‘ஆபிரகாமுக்கும் ஸாராவுக்கும் மகள்’ என்றே அவளைக் குறிப்பிடுகிறார்கள். தாய் இல்லாதவளுக்கும் அவள் தாய்.

நம் மாதிரியே அவர்களும் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பவர்கள். பெயரைத் தாங்குகிறவள் என்பதால்தானே நாமும் ‘பெயர்த்தி’ என்று சொல்லி, பிறகு பேத்தி ஆக்கினோம்? ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலோர் காலஞ்சென்ற பாட்டியின் பெயரைத்தான் வைப்பார்கள். ஸ்பெயின் வழி வந்தவர்கள் உயிரோடிருக்கும் பாட்டியின் பெயரையே வைப்பார்கள். எப்படியானாலும் ஒரு பாட்டியின் வாயிலிருந்து இன்னொரு பாட்டியின் வாய்க்கு வந்த பெயர் இது. ராஜாவும் சட்டமும் துணை வராமலே மூவாயிரம் வருஷ தூரம் வந்துவிட்டது.

ஆபீஸில் முத்திரை

இனி சொல்லப்போவது கசப்பான விஷயம். சொல்லாமல் விட்டால் இந்தப் பெயரின் கதை முழுமையாகாது.

1938-ம் வருஷம் ஆகஸ்டு 17-ந் தேதி, ஹிட்லரின் ஜெர்மனியில் ஓர் உத்தரவு பிறந்தது. யூதர்கள் என்னென்ன பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் ஒரு பட்டியல் போட்டது. அந்தப் பட்டியலில் இல்லாத பெயருள்ள யூதர்கள் எல்லோரும், 1939 ஜனவரி முதல் தேதியிலிருந்து தங்கள் பெயரோடு இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் எல்லோருக்கும் ‘இஸ்ரேல்’. பெண்கள் எல்லோருக்கும் ‘ஸாரா’.

பெண் டாக்டருக்கும் ஸாரா. அவர் வீட்டுச் சமையற்காரிக்கும் ஸாரா. தொட்டில் குழந்தைக்கும் ஸாரா. கையெழுத்துப் போடும்போது அதையும் சேர்த்துப் போடவேண்டும். வேண்டுமென்றே விட்டால் ஆறு மாதம் வரை சிறை. எத்தனையோ வருஷங்களுக்கு முன் எழுதி முடித்த பிறப்புப் பதிவேட்டைக்கூட விடவில்லை. ஓரத்திலே ‘ஸாரா’ என்று எழுதிச் சேர்த்தார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? பெயரைக் கேட்டவுடன் யூதர் என்று தெரியவேண்டும், அவ்வளவுதான். பல யூதர்கள் மற்ற ஜெர்மானியரைப் போலவே பெயர் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் கலந்திருந்தவர்களைத் தனியே பிரித்தெடுக்க ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. மாட்டுக்குச் சூடு போடுகிற மாதிரி மனிதர்களுக்குப் பெயரால் சூடு போட்டார்கள். எந்தப் பெயரைச் சொல்லித் தாய் தகப்பன் தலைமேல் கை வைத்து வாழ்த்தினார்களோ, அந்தப் பெயரையே சூட்டுக்கோலாக்கினார்கள்! பின்னால் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும் பட்டியல்களிலும் பக்கம் பக்கமாக அந்தப் பெயர் வந்தது.

இந்த உத்தரவுகளை எழுதுவதில் முக்கியப் பங்கு கொண்டவர் ஹான்ஸ் க்ளோப்கே என்ற அதிகாரி. யுத்தம் முடிந்த பிறகு அவர் என்ன ஆனார் தெரியுமா? மேற்கு ஜெர்மனியில் பிரதமர் அடெனாயரின் அலுவலகத்துக்கே தலைவராகி, 1953 முதல் 1963 வரை அந்தப் பதவியில் இருந்தார். காகிதத்தில் எழுதியவர்களுக்குக் கை வலித்ததில்லை.

இரண்டு ஸாராக்கள் ஏறிய விமானம்

பெர்லினில் நெல்லி ஸாக்ஸ் என்ற கவிஞர் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். தகப்பனார் போய்விட்டார்; வயதான தாயார் மட்டும் துணை. உத்தரவுப்படி தாயும் ஸாரா, மகளும் ஸாரா.

சிறு வயதில் ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஸெல்மா லாகர்லோவின் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு அவருக்கு ரசிகையாகக் கடிதம் எழுதியவர் நெல்லி. நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளர் லாகர்லோவ். முப்பது வருஷங்களுக்கு மேல் நீடித்த அந்தக் கடித சிநேகம்தான் ஆபத்தில் கைகொடுத்தது. லாகர்லோவின் உதவியால் ஸ்வீடனில் அடைக்கலம் கிடைத்தது. 1940 மே மாதம் தாயும் மகளும் விமானம் ஏறித் தப்பினார்கள். ஆனால் நன்றி சொல்ல லாகர்லோவ் இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்தான், மார்ச் மாதத்தில், அவர் காலமாகியிருந்தார்.

ஸ்டாக்ஹோமில் மொழிபெயர்ப்பு வேலை செய்து வயிறு வளர்த்துக்கொண்டே நெல்லி ஸாக்ஸ் தம் மக்களின் துயரத்தைப் பாடினார். 1966 டிசம்பர் 10-ந் தேதி அவருக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது. எபிரேய எழுத்தாளர் அக்னோனும் அவரும் அந்த வருஷத்துப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அன்றுதான் அவருக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தது. பரிசு நெல்லி ஸாக்ஸ் என்ற பெயருக்குத்தான் வந்தது. உத்தரவு போட்டவர்கள் வைத்த பெயர் உத்தரவோடு போயிற்று.

மறுபடியும் இளவரசி

யுத்தம் முடிந்ததும் அந்த உத்தரவு ஒழிந்தது. பதிவேடுகளின் ஓரத்தில் இன்னொரு குறிப்பு எழுதி, முன்னால் சேர்த்த பெயரை ரத்து செய்தார்கள். இரண்டு குறிப்புகளும் இருக்கும் பக்கங்கள் ஜெர்மனியின் ஆவணக் காப்பகங்களில் இன்றும் உண்டு.

ஆனால் ஓரக் குறிப்பால் ஒரு பெயர் மீண்டுவிடுமா? அப்படி ஒரு களங்கம் பட்ட பெயரை ஜெர்மனியில் இனி எந்தத் தாய் வைப்பாள் என்றுதான் நானும் எண்ணினேன். நடந்தது வேறு. 1980-களிலும் 1990-களிலும் ஜெர்மனியில் பெண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைத்த பெயர்களில் ஸாராவும் ஒன்று! கிறிஸ்தவர்கள் வைத்தார்கள், எந்த மதமும் வேண்டாம் என்றவர்களும் வைத்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. காதுக்கு இனிமையாக இருந்தது, வைத்தார்கள். எந்தத் தெருக்களில் அந்தப் பெயரைச் சொல்லக் கூசினார்களோ, அதே தெருக்களில் பொழுது சாய்ந்ததும் தாய்மார்கள் வாசலில் வந்து நின்று, “ஸாரா, விளையாடினது போதும், உள்ளே வா” என்று கூப்பிட்டார்கள்.

இதனால் நடந்தது நடக்காததாகிவிடாது. மாண்டவர்கள் மீளமாட்டார்கள். ஆனாலும் ஒன்று தெரிகிறது. சர்க்கார் ஒரு பெயரைக் காகிதத்தில் எழுதலாம், முத்திரை குத்தலாம், சிறை என்று பயமுறுத்தலாம். அதைப் பெயராக்குவது மட்டும் கூப்பிடுகிற குரல்தான். அன்போடு கூப்பிடுகிற குரல் இருக்கும் வரையில் எந்தப் பெயரும் கெட்டுப்போவதில்லை.

பாட்டியம்மா! யார் வீட்டுப் பெயர் என்று கேட்டீர்கள். ஆயிரமாயிரம் பாட்டிகள் தங்கள் பேத்திகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காப்பாற்றிக் கொடுத்த பெயர் அம்மா அது. இப்போது உங்கள் முறை. இந்தக் காலத்தில்தான் கைபேசியில் முகம் பார்த்தே பேசலாமே! இன்று ராத்திரி குழந்தையைக் காட்டச் சொல்லி, வாய் நிறைய “ஸாரா” என்று கூப்பிடுங்கள்.

அப்படியும் மனம் கேட்கவில்லையானால், பாதகமில்லை. “சாரதா” என்றே கூப்பிடுங்கள். குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தால் அதுவும் அவள் பெயர்தான். சிரிப்பு அந்த வம்சத்துக்குப் புதிதா என்ன?